பழைய கேரவனுக்குக் குளிர்காப்பு: எங்கே தொடங்குவது, எதை ஒட்டக் கூடாது

ஒருவர் கேட்டிருக்கிறார்: "இங்கிலாந்தில் 1992-ம் வருஷத்துக் கேரவன் ஒன்றை, காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் வீட்டு வண்டியை, வாங்கியிருக்கிறேன். நான்கு பேர் படுக்கலாம். டிசம்பர் கடைசியில் குடும்பத்தோடு ஸ்காட்லாந்தில் ஏவிமோர் பக்கம் பத்து நாள் தங்க ஆசை. சுவர், கூரை முழுக்க உள்பக்கம் வெள்ளி நிற பபிள் ஷீட் ஒட்டி, குளிர்காற்று வரும் ஓட்டைகளை எல்லாம் அடைத்துவிட்டால் போதுமா? இல்லை, உள்சுவரைப் பிரித்துப் புதிதாக இன்சுலேஷன் வைக்க வேண்டுமா?"

இரண்டுமே வேண்டாம். முதல் யோசனையில் பாதி ஆபத்து, இரண்டாவது பெரும்பாலும் வீண்வேலை. நானும் 1989-ம் வருஷத்து வண்டி ஒன்றை வைத்துக்கொண்டு பத்துக் குளிர்காலத்துக்கு மேல் ஓட்டியவன். பாதி கையைச் சுட்டுக்கொண்டு கற்றது, மீதி கேரவன் பழுதுபார்ப்பவர்கள் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்துக் கற்றது. பழைய கேரவனில் குளிரைவிட ஈரம்தான் பெரிய எதிரி. ஈரத்தை மறந்துவிட்டு அதன்மேல் இன்சுலேஷன் ஒட்டினால், வண்டி உள்ளுக்குள்ளேயே அழுக ஆரம்பிக்கும், வெளியே ஒன்றும் தெரியாது.

முதலில் உங்கள் சுவருக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். அந்தக் காலத்து இங்கிலாந்துக் கேரவன் ஒரு சாண்ட்விச் மாதிரி. வெளியே ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத அலுமினியத் தகடு. நடுவில் மரச்சட்டங்கள், சட்டங்களுக்கு இடையே ஓர் அங்குல அளவில் தெர்மாகோல். உள்ளே 3 மில்லிமீட்டர் பிளைவுட், அதன்மேல் பூப்போட்ட வினைல் தாள். கூரையும் ஏறக்குறைய இதேதான். தரை மட்டும் இரண்டு பிளைவுட்டுக்கு நடுவே கொஞ்சம் கெட்டியான ஃபோம். ஆக, இன்சுலேஷனே இல்லாத வண்டி இல்லை உங்களுடையது. சுமாரான இன்சுலேஷன் ஏற்கெனவே இருக்கிறது. அது காய்ந்திருக்கிறதா, அதைச் சுற்றியிருக்கும் மரம் மரமாகவே இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அதற்கு ஈரமானி ஒன்று வாங்குங்கள். இரண்டு ஊசி வைத்த சின்னக் கருவி, சாதாரண ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கும். மழை பெய்து ஓய்ந்த மறுநாள், ஹீட்டர் போடாமல், வண்டி முழுக்கக் குத்திப் பாருங்கள். 15 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. 15 முதல் 20 வரை கண்காணிக்க வேண்டிய இடம். 20-ஐத் தாண்டினால் எங்கிருந்தோ தண்ணீர் இறங்குகிறது. 30-க்கு மேல் என்றால் உள்ளே மரம் இற்றுப்போக ஆரம்பித்திருக்கலாம். ஊசி ஓட்டை தெரியாமலிருக்க லாக்கருக்குள், மெத்தைக்குப் பின்னால், திரைச்சீலை மறைவில் குத்துங்கள். ஜன்னல்களின் கீழ்மூலைகள், முன்பக்க பின்பக்க மூலைகள், கூரையும் சுவரும் சேரும் விளிம்பு, கூரை ஜன்னலைச் சுற்றி, சக்கரத்துக்கு மேலே, கதவின் கீழ்ப்பக்கம். ஓதம் பிடிக்கும் இடங்கள் அநேகமாக இவைதான்.

ஓதம் வருவது பெரும்பாலும் வெளிப்பக்க அலுமினியப் பட்டிகளுக்கு அடியிலிருந்து. மூலைகளை மூடியிருக்கும் பட்டியும், ஆனிங் என்னும் வாசல் கூடாரத்தைக் கோக்கும் தண்டவாளமும் நீளமான திருகுகளால் மரத்தோடு பிணைக்கப்பட்டிருக்கும். அடியில் இருக்கும் சீலண்ட் முப்பது வருஷத்தில் காய்ந்து பொடிந்துபோயிருக்கும். ஒவ்வொரு திருகும் ஒரு ஓட்டை, கூரையில் விழும் மழை எல்லாம் அந்த ஓட்டையைத் தேடிப் போகும். பட்டியைக் கழற்றி, பழைய மாவைச் சுரண்டி, இறுகிப்போகாத பியூட்டைல் மாஸ்டிக் என்னும் அடைப்புப் பசை வைத்து, துருப்பிடிக்காத எஃகுத் திருகு போட்டு மறுபடி இறுக்குவதுதான் சரியான வைத்தியம். மேலாக சிலிக்கான் பூசி மறைப்பது பல் சொத்தைக்கு வெற்றிலை போடுகிற மாதிரி. அதைவிடக் கொடுமை, சிலிக்கான் பட்ட இடத்தில் அடுத்து எதுவும் ஒட்டாது. பின்னால் ஒழுங்காகச் செய்ய வருபவருக்கு அது இரட்டை வேலை.

இது முடியாமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். நான் போனேன். வாங்கிய முதல் வருஷம், நீங்கள் சொன்ன அதே பபிள் ஷீட்டைக் கட்டிலுக்கு மேலிருக்கும் லாக்கர்களின் பின்சுவரில் ஸ்ப்ரே பசை அடித்து ஒட்டினேன். பார்க்க விண்வெளிக் கலம் போல ஜோராக இருந்தது. அடுத்த மார்ச்சில் ஒரு மூலை பிரிந்துகொண்டு வந்தது என்று இழுத்தேன். பின்னால் கறுப்பாகப் பூஞ்சணம், பிளைவுட் டீயில் நனைத்த ரொட்டி மாதிரி. தண்டவாளத்திலிருந்து நீர் இறங்கியிருக்கிறது. ஷீட் இல்லாதிருந்தால் முதல் மாதமே கறை தெரிந்திருக்கும், கொஞ்சமாவது காய்ந்தும் இருக்கும். அந்தத் தாள் இரண்டையும் தடுத்துவிட்டது.

சரி, அந்த ஷீட்டால் பலனாவது உண்டா? பளபளப்பான பரப்பு வெப்பக் கதிரைத் திருப்பி அனுப்பும் என்பது உண்மைதான். ஆனால் அதற்கு முன்னால் சுமார் 2 சென்டிமீட்டர் அசையாத காற்று இடைவெளி வேண்டும். சுவரோடு ஒட்டிவிட்டால் மிஞ்சுவது 4 மில்லிமீட்டர் காற்றுக் குமிழ். அதன் தடுப்பு மிகச் சொற்பம்.

கணக்காகவே பார்த்துவிடலாம், ஏனென்றால் இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் எனக்கே புத்தி வந்தது. 5 மீட்டர் நீளம், 2.2 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம் உள்ள கேரவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே 2 டிகிரி குளிர், அதாவது சைபருக்கு இரண்டு கீழே, உள்ளே 18 டிகிரி. வித்தியாசம் 20. கூரை 11 சதுர மீட்டர், அதன் வழியே போவது சுமார் 240 வாட். தரையும் ஏறக்குறைய அவ்வளவே. ஜன்னல் கழித்த சுவர் 24 சதுர மீட்டர், அதில் 550 வாட் பக்கம். ஜன்னல்கள் மொத்தமே 5 சதுர மீட்டர்தான், ஆனால் அவை 300 வாட்டை விழுங்கும். சந்து இடுக்குக் காற்றில் 250 வாட்டுக்குக் குறையாது, ஊதக்காற்று அடிக்கிற ராத்திரியில் அது இரண்டு மடங்கும் ஆகும். ஆக 1,600 வாட் பக்கம். இது என் உத்தேசக் கணக்கு, உங்கள் வண்டியில் கொஞ்சம் முன்பின் இருக்கும்.

இப்போது என்ன செய்தால் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். சுவர் முழுக்க பபிள் ஷீட் ஒட்டினால் 60 வாட் மிச்சமாகும். தரைக்கு அடியில் 25 மில்லிமீட்டர் ஃபோம் பலகை ஒட்டினால் 100 வாட். ஜன்னல்களுக்கு வெளியே ராத்திரியில் கெட்டியான போர்வை மாட்டினால் 100-லிருந்து 140 வரை. காற்று புகும் சந்துகளைச் சரியாகக் கண்டுபிடித்து அடைத்தால், காற்றடிக்கும் நாளில் 200, 300 என்று போகும். காசு குறைவு, வேலை குறைவு, பலன் அதிகம் என்றால் சந்தும் ஜன்னலும்தான். சுவரைத் தொடும் வேலை கடைசி.

சந்து தேடுவதற்கு நம் வீட்டு ஊதுபத்தியைவிட நல்ல கருவி கிடையாது. கேஸ் சிலிண்டரை மூடிவிட்டு, காற்றடிக்கும் ஒரு நாள் கதவு ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு, ஊதுபத்தியைத் தரையோரமாக மெதுவாக நகர்த்துங்கள். புகை எங்கே படுத்துக்கொள்கிறதோ அங்கே ஓட்டை. எல்லோரும் ஜன்னலில் பார்ப்பார்கள். நீங்கள் லாக்கர்களுக்குள், கட்டிலுக்கு அடியில் பாருங்கள். தண்ணீர்க் குழாய், மின்கம்பி தரையைத் துளைத்து இறங்கும் இடங்களில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை இருக்கும். சக்கரத்துக்கு மேல் கவிழ்த்த பெட்டி பெரும்பாலும் வெறும் பிளைவுட் அல்லது பிளாஸ்டிக், அதில் இன்சுலேஷன் என்பதே இருக்காது. முன்பக்கம் சிலிண்டர் வைக்கும் பெட்டிக்கும் உள்ளே நீங்கள் சாய்ந்து உட்காரும் இருக்கைக்கும் நடுவே ஒரு மெல்லிய பலகைதான். அந்தப் பெட்டியின் அடிப்பாகம் கேஸ் வெளியேறுவதற்காகத் திறந்தே இருக்கும், இருக்க வேண்டும். ஆகவே அந்தப் பலகையின் உள்பக்கத்தில்தான் ஃபோம் வைக்க வேண்டும், சிலிண்டர் பக்கத்தில் அல்ல.

நான் பார்த்த பழைய வண்டிகளில் மோசமான ஓட்டை ஃபிரிட்ஜுக்குப் பின்னால்தான் இருந்தது. கேஸில் ஓடும் ஃபிரிட்ஜுக்கு வெளிச்சுவரில் மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரண்டு பெரிய கம்பிவலை இருக்கும். ஃபிரிட்ஜின் பின்புறம் அறையிலிருந்து முழுதாகப் பிரிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது விதி. பழைய வண்டிகளில் அந்தத் தடுப்பு சுருங்கி விழுந்திருக்கும். வாடைக்காற்று நேராகச் சமையலறைக்குள் வரும். கேஸில் ஓடும்போது அதன் புகையும் கூடவே வரலாம் என்பதால் இது குளிர்ப் பிரச்சினை மட்டுமல்ல. ஃபிரிட்ஜைக் கழற்றி, சுற்றிலும் வெப்பம் தாங்கும் பட்டி வைத்துத் திரும்ப மாட்டினால் அந்த மூலையே வேறு மாதிரி ஆகிவிடும். கேஸ் இணைப்பைத் தொட வேண்டியிருப்பதால் அதற்கு கேஸ் சேஃப் (இங்கே கேஸ் வேலை செய்பவர்களுக்கான பதிவேடு) பதிவும் எல்பிஜி தகுதியும் உள்ள ஆளை அழையுங்கள். வெளிவலைக்குக் குளிர்கால மூடிகள் விற்கிறார்கள். ஃபிரிட்ஜ் கரண்டில் ஓடும்போது மட்டும் மாட்டுங்கள்.

இனி, அடைக்கவே கூடாத ஓட்டைகள். தரையில் அல்லது கதவின் கீழே கம்பிவலை போட்ட திறப்புகள், கூரை ஜன்னலில் மூடவே முடியாதபடி விட்ட இடைவெளி. இவை யாரோ தவறி விட்டவை இல்லை. கீழ்த்திறப்பு, கேஸ் கசிந்தால் வழிந்தோட. எல்பிஜி காற்றைவிடக் கனம், தண்ணீர் மாதிரி தரையில்தான் தேங்கும். மேல்திறப்பும் கீழ்த்திறப்பும் சேர்ந்து நீங்கள் தூங்கும்போது மூச்சுக்குக் காற்றைத் தருகின்றன. குளிர்கிறது என்று இதில் பழந்துணி அடைத்துவிட்டு அடுப்பை எரியவிட்டவர்கள் கார்பன் மோனாக்சைடில் செத்துப்போன கதைகள் இந்த நாட்டில் உண்டு. கீழ்த்திறப்பில் காற்று சீறி அடித்தால் வெளிப்பக்கம் சில அங்குலம் தள்ளி ஒரு தடுப்புத்தகடு பொருத்தலாம், திறப்பின் அளவு குறையாமல். அதோடு சரி. கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று கட்டாயம். வாங்கும்போது அட்டையில் 50291-2 என்ற தர எண் இருக்கிறதா பாருங்கள். அந்தக் கடைசி 2 தான் கேரவன், படகு வகையறாவுக்கு உரியது.

ஜன்னலுக்கு வருவோம். 1992 என்றால் உங்களுடையது இரட்டை அக்ரிலிக்காகத்தான், அதாவது நடுவே இடைவெளி விட்ட இரண்டு பிளாஸ்டிக் தகடாகத்தான் இருக்கும். குளிர்ந்த நீர் ஊற்றிய சொம்பு வெளியே வேர்க்கிறதே, அதேதான் ஜன்னலின் உள்பக்கம் நடக்கிறது. அறை 18 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்றால், 10 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பும் வேர்க்கும். வெளியே சைபர் டிகிரி இருக்கும்போது இரட்டை ஜன்னலின் உள்முகம் 11 டிகிரி பக்கம் நிற்கும், ஒற்றை என்றால் 6 டிகிரிக்கு இறங்கிவிடும். அதாவது உங்கள் ஜன்னல் மயிரிழையில் தப்பிக்கிறது. இன்னும் கொஞ்சம் குளிர்ந்தால், அல்லது உள்ளே ஒரு பானை சோறு கொதித்தால், வேர்க்க ஆரம்பிக்கும்.

வெள்ளித்திரையை உள்பக்கம் மாட்டினால் ஜன்னலுக்கு அறையின் சூடு போய்ச் சேராது. அது இன்னும் குளிர்ந்து, திரைக்குப் பின்னால் தாரை தாரையாக ஒழுகி, அடியிலிருக்கும் மரத்தில் இறங்கும். வெளியே மாட்டினால் ஜன்னல் கதகதப்பாக இருக்கும், காலையில் உறைபனி சுரண்டும் வேலையும் இல்லை. ஈரத்திரையை மடக்கி வைப்பது தொந்தரவுதான், இருந்தாலும் வெளித்திரைக்கே என் ஓட்டு. இரண்டு தகட்டுக்கும் நடுவே பனிமூட்டம் படிந்திருந்தால், ஓரத்தில் சின்ன பிளாஸ்டிக் அடைப்பான் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஜன்னலைக் கழற்றி, அடைப்பானை எடுத்துவிட்டு, வீட்டுக்குள் சூடான இடத்தில் நாலைந்து நாள் வைத்தால் பெரும்பாலும் காய்ந்துவிடும். அக்ரிலிக்கை ஸ்பிரிட், தின்னர் எதனாலும் துடைக்காதீர்கள், நுண்ணிய வெடிப்பு விழும். ஜன்னலைச் சுற்றியிருக்கும் ரப்பர் பட்டை கெட்டியாகிச் சுருங்கியிருந்தால் மீட்டர் கணக்கில் புதிது வாங்கலாம். கதவு ரப்பருக்கும் அதே பேச்சு.

தரையைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உடம்புக்குத் தெரியும் வித்தியாசம் அங்கேதான். கணக்கில் 100 வாட் பெரிய தொகை இல்லை. ஆனால் கால் சில்லிட்டால் அறை 20 டிகிரி இருந்தாலும் குளிர்கிறது என்றுதான் சொல்வோம், கால் சூடாக இருந்தால் 17-லேயே போதும் என்போம். முதலில் தரையின் மேலே நடந்து பாருங்கள். கதவருகே, அடுப்பு முன்னால், மெத்தென்று அமுங்கினால் அல்லது கிறீச்சிட்டால் பிளைவுட் ஃபோமிலிருந்து பிரிந்துவிட்டது. சின்னத் துளைகள் போட்டு எபாக்சி பிசினை உள்ளே செலுத்திப் பிடிக்கவைப்பதுதான் வழக்கம். அதை முடித்துவிட்டு அடியில் போங்கள்.

வண்டிக்கு அடியில் போகுமுன் ஒரு வார்த்தை. மூலைக்கால்களை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள். அவை வண்டி ஆடாமல் இருக்கத்தான், எடை தாங்க அல்ல. எடை தாங்கும் இரும்புத் தாங்கி, அதாவது ஆக்ஸில் ஸ்டாண்டு வையுங்கள்.

அடியில் ஒட்ட, ஈரம் உறிஞ்சாத கெட்டி நீலப் பலகை, அதாவது எக்ஸ்ட்ரூடட் பாலிஸ்டைரின்தான் சரி. கண்ணாடிப் பஞ்சு வேண்டவே வேண்டாம், தெருத்தண்ணீரைக் குடித்துக்கொண்டு தொங்கும். பிஐஆர் என்னும் இன்னொரு வகை ஃபோம் பலகை அதே தடிமனில் இன்னும் நன்றாகக் குளிரைத் தடுக்கும், ஆனால் வெட்டிய விளிம்பில் ஈரம் ஏறும், அதை டேப் போட்டு மூட வேண்டும். பலகை ஒட்டுமுன் அடித்தரை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், ஆகவே இது கோடை வேலை. பசையில் கவனம். சாதாரண கான்டாக்ட் பசையும் பல ஸ்ப்ரே பசைகளும் பாலிஸ்டைரினைக் கரைத்துவிடும், காலையில் பார்த்தால் பலகையில் குழிகுழியாக இருக்கும். பாலிஸ்டைரினுக்கு ஆகும் என்று எழுதியிருக்கும் பாலியூரிதேன் பசை வாங்குங்கள். சேசிஸ், ஆக்ஸில், பிரேக் கம்பி, கேஸ் குழாய் ஆகியவற்றைச் சுற்றி இடம் விடுங்கள். தரைத் திறப்புகளையும் கேஸ் இறங்கும் ஓட்டைகளையும் பலகை மூடக் கூடாது, அந்த இடத்தைச் சதுரமாக வெட்டியெடுத்துவிடுங்கள். 10 சதுர மீட்டருக்கு 25 மில்லிமீட்டர் பலகை என்றால் 8 கிலோ வாக்கில்தான் வரும். பழைய வண்டியில் ஏற்றக்கூடிய எடை வரம்பு குறைவு என்பதால், தரைமேல் இன்னொரு பிளைவுட் போடலாம் என்று யாராவது சொன்னால் யோசியுங்கள், அது 20 கிலோவைச் சுலபமாகத் தாண்டும். மேலே கெட்டியான கம்பளமும் அடியில் ஃபெல்ட்டும் போதும். நாங்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த ஜமுக்காளத்தை நடுவில் விரித்துவிடுகிறோம், அழுக்கானால் உதற வசதி.

உள்சுவரைப் பிரிப்பதா என்ற கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். ஈரமானி 30 காட்டி, மரம் இற்றுப்போய், எப்படியும் அந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டும் என்றால் திறங்கள், அப்போது நல்ல ஃபோம் வையுங்கள். இல்லையென்றால் தொடாதீர்கள். சுவர் தடிமன் ஓர் அங்குலம்தான். தெர்மாகோலை எடுத்துவிட்டு அதே இடத்தில் பிஐஆர் வைத்தாலும் இழப்பில் மூன்றில் ஒரு பங்குதான் குறையும், மரச்சட்டம் வழியே போகும் சூடு அப்படியே போகும். மரம், ஃபோமைவிட மூன்று நான்கு மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். அதற்காக உள்ளே இருக்கும் அலமாரி, அடுப்பு, கட்டில் எல்லாவற்றையும் கழற்றுவது நியாயமே இல்லை. அப்படித் திறந்தால் இன்னொன்று கவனியுங்கள்: பிவிசி மின்கம்பி தெர்மாகோலைத் தொட்டுக்கொண்டே வருஷக்கணக்கில் கிடந்தால் கம்பியின் மேலுறை விறைத்து வெடிக்கும். கம்பிகளைக் குழாய்க்குள் விடுங்கள்.

லாக்கருக்குள் மட்டும் ஏதாவது ஒட்ட ஆசையென்றால், ஈரமானி காய்ந்தது என்று சொன்ன இடத்தில், ஈரம் உறிஞ்சாத, மூடிய நுண்ணறைகள் கொண்ட கறுப்பு ரப்பர் ஃபோம் 10 மில்லிமீட்டர், ஒரு பொட்டுக்கூடக் காற்று இல்லாமல் சுவரோடு ஒட்டிக்கொள்ளும்படி ஒட்டலாம். மெத்தைக்குப் பின்னால் இருக்கும் இடைவெளியை மட்டும் அடைக்காதீர்கள். இருக்கைக்குப் பின்னால் சூடான காற்று மேலே ஏறுவதற்காகவே விட்ட வழி அது. கட்டிலில் மெத்தைக்கு அடியில் மரச்சட்டமோ வலைப்பாயோ போட்டுக் கொஞ்சம் காற்று விடுங்கள். உடம்புச் சூட்டில் மெத்தையின் அடிப்பக்கம் நனைந்துபோவதைப் பலர் வசந்தகாலத்தில்தான் பார்க்கிறார்கள்.

சூட்டைத் தடுத்தாயிற்று, சூடு எங்கிருந்து வரப்போகிறது? ஸ்காட்லாந்துக் குளிரைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். ஏவிமோரிலிருந்து மலையைச் சுற்றிப் போனால் வரும் பிரேமாரில் 1982 ஜனவரியில் சைபருக்குக் கீழே 27.2 டிகிரி பதிவானது. அப்படியெல்லாம் அமையாது, ஆனால் சைபருக்குக் கீழே ஏழு, எட்டு டிகிரி வரலாம் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். நீல சிலிண்டரில் இருக்கும் பியூட்டேன் சைபர் டிகிரி வாக்கில் ஆவியாவதையே நிறுத்திவிடும். எரியும்போது சிலிண்டர் தானாகக் குளிர்வதால் நாலைந்து டிகிரியிலேயே தடுமாறும். என்னுடையது ஒரு ஜனவரி விடியற்காலை மூன்று மணிக்கு நின்றது, சிலிண்டரில் பாதி கேஸ் இருந்தும். சிவப்பு சிலிண்டரில் வரும் புரோப்பேன் சைபருக்குக் கீழே 42 டிகிரி வரை ஆவியாகும். குளிர்காலத்தில் அதைத் தவிர வேறு பேச்சே இல்லை. உங்கள் காலத்து வண்டியில் ரெகுலேட்டர் சிலிண்டர்மேல் இருக்கும், அதன் அழுத்தம் பியூட்டேனுக்கு 28 மில்லிபார், புரோப்பேனுக்கு 37. மாற்றும்போது ரெகுலேட்டரையும் மாற்ற வேண்டும். நாள் முழுக்க ஹீட்டர் ஓடினால் தினம் 3 கிலோ தீரும், 6 கிலோ சிலிண்டர் இரண்டு நாள்.

வண்டியோடு வந்த கேஸ் ஹீட்டர் அறைக்காற்றை உறிஞ்சாமல், வெளிக்காற்றில் எரிந்து வெளியிலேயே புகைவிடும் வகையாக இருக்கும். நல்லதுதான். ஆனால் புகைக்குழாய் எங்கே திறக்கிறது என்று குனிந்து பாருங்கள். பல இங்கிலாந்து வண்டிகளில் தரைக்கு அடியில் திறக்கும். பனி அடியை மூடினால், அல்லது வண்டியைச் சுற்றிக் காற்று புகாமல் பாவாடை மாதிரித் துணி கட்டினால், புகை அங்கேயே தேங்கி உள்ளே ஏறும். அடிப்புகை உள்ள வண்டிக்குப் பாவாடை கட்டவே கூடாது, பனி விழும் நாளில் கேஸ் ஹீட்டரைப் போடவும் கூடாது. கூரைக்கு மேல் குழாய் போகும் வண்டியாக இருந்தால், காற்று வரும் பக்கம் மட்டும் துணி கட்டி மற்றப் பக்கங்களைத் திறந்து விடலாம்.

கடையில் கிடைக்கும், புகைக்குழாய் இல்லாத சின்ன கேஸ் ஹீட்டர் வேண்டாம். அடுப்பைப் பற்றவைத்துக் குளிர்காய்வதும் வேண்டாம். மோனாக்சைடு ஒரு காரணம், இன்னொன்று தண்ணீர்: ஒரு கிலோ புரோப்பேன் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாக வரும். அத்தனையும் உங்கள் சுவரில்தான் படியும். முகாமில் கரண்டு இருந்தால் எண்ணெய் ரேடியேட்டர்தான் எனக்குப் பிடித்தது, சத்தமில்லை, ராத்திரி முழுக்க ஒரே சீராக இருக்கும். 16 ஆம்பியர் இணைப்பில் 3,600 வாட் எடுக்கலாம், 10 ஆம்பியர் என்றால் 2,300 தான். கெட்டிலும் ஹீட்டரும் ஒன்றாகப் போட்டால் ஃபியூஸ் போகும். முன்பதிவு செய்யும்போதே எத்தனை ஆம்பியர் என்று கேளுங்கள். இணைப்புக் கேபிளைச் சுருளாக விடாமல் முழுக்கப் பிரித்துப் போடுங்கள், சுருண்டிருந்தால் சூடேறி உருகும்.

நான்கு பேர் ஒரு ராத்திரி தூங்கினாலே மூச்சிலும் வியர்வையிலும் ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் காற்றில் சேரும். அதன்மேல் நம் சமையல். சோறு வடிப்பதும் பருப்பு கொதிப்பதும் கேரவனுக்கு மழைக்காலம் மாதிரி. மூடி போடுங்கள், அடுப்புக்கு மேலிருக்கும் ஜன்னலை இரண்டு விரல் அளவுக்குத் திறந்து வையுங்கள். குளிர்ந்த வெளிக்காற்றில் நீர் மிகக் குறைவு, உள்ளே வந்து சூடானதும் அது ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு வெளியேறும், ஆகவே ஜன்னல் திறந்தால் நஷ்டம் என்று நினைக்காதீர்கள். ஈரத்துணியை உள்ளே காயப்போடாதீர்கள், பனியில் விளையாடிய பிள்ளைகளின் ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் வாசல் கூடாரத்திலேயே நிற்கட்டும். அந்தக் கூடாரம் கதவு திறக்கும்போதெல்லாம் குளிர் அப்படியே உள்ளே பாயாமலும் தடுக்கும். ஈரம் உறிஞ்சும் இயந்திரம் வாங்குவதானால் கம்ப்ரசர் வகை குளிரில் உறைந்துபோய்ச் சோம்பும், ஈரமுறிஞ்சிப் பொருளால் இயங்கும் டெசிகன்ட் வகைதான் ஆகும். வண்டியைச் சும்மா நிறுத்திவைக்கும் மாதங்களுக்கும் அது பயன்படும்.

தண்ணீரைப் பற்றிச் சுருக்கமாக. வெளியே நிற்கும் பீப்பாய்க்கு மெத்தையுறை போடுங்கள், ராத்திரி உள்ளே ஒரு குடம் பிடித்து வையுங்கள். கழிவுநீர்க் குழாய்தான் முதலில் உறையும், அதை நல்ல சரிவாகப் போட்டு வாளியில் விட்டுவிடுங்கள், வாளியில் உறைந்தால் கவலையில்லை. பயணம் முடிந்ததும் வெந்நீர்த் தொட்டியை முழுக்க வடித்து, குழாய்களை எல்லாம் திறந்தே விடுங்கள். உறைந்த நீர் தொட்டியை வெடிக்கவைத்தால், அதை மாற்றும் செலவில் நீங்கள் ஹோட்டலிலேயே தங்கியிருக்கலாம்.

டிசம்பர் பயணத்துக்கு முன்னால், நவம்பரில் உறைபனி விழும் ஒரு ராத்திரி பார்த்து, வீட்டு வாசலில் நிற்கும் வண்டியிலேயே எல்லோரும் படுத்துப் பாருங்கள். இரண்டு சின்ன வெப்பமானி வாங்கி ஒன்றைத் தரையிலும் ஒன்றைத் தலை உயரத்திலும் வையுங்கள். காலையில் இரண்டுக்கும் ஆறேழு டிகிரி வித்தியாசம் இருந்தால் தரையோரம் இன்னும் சந்து பாக்கி, ஊதுபத்தியோடு மறுபடி குனிய வேண்டும். லாக்கர் மூலைகளைக் கையால் தடவுங்கள், மெத்தையைத் தூக்கிப் பாருங்கள். ஈரம் தட்டினால் அந்த இடத்தைச் சாக்பீஸால் குறித்துவையுங்கள். பிள்ளைகளுக்குத் தாங்கவில்லை என்றால் பத்தடியில் வீட்டுக் கதவு இருக்கிறது.